மூன்று வருடப் பட்டம் ஏன் ஐந்து வருடம் ஆகிறது?

கல்லூரியில் சேர்ந்தவர்களின் கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4 மட்டுமே. இந்த எண்ணை மேடை போட்டுச் சொல்கிறார்கள். சொல்லட்டும், இது போராடி வாங்கிய எண். ஆனால் உள்ளே போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாவது வருடக் கடைசியில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று நாங்கள் கேட்ட இடங்களில் யாரும் பதில் சொன்னதில்லை.

தஞ்சாவூர், பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்துச் சேரிகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு நாங்கள் வேலை செய்கிறோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. கூலி உயர்வு கேட்டதற்கும் சங்கம் வைத்ததற்கும் கொடுத்த விலை அது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று சரபோஜி கல்லூரிக்கும், குந்தவை நாச்சியார் கல்லூரிக்கும், கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஏறுகிற பஸ்ஸை எண்ணத் தெரிந்த நாம், இறங்குகிற இடத்தையும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அரியர் எப்படி விழுகிறது

"ஒரு பேப்பர்தானே அண்ணே, அடுத்த செம்ல எழுதிக்கலாம்." இந்த வாக்கியத்தை நாங்கள் கேட்காத மாதமே இல்லை. அந்த ஒரு பேப்பர் பெரும்பாலும் ஆங்கிலம், இல்லையென்றால் துணைப்பாடம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு முதல் பருவத்திலேயே ஆங்கிலத் தாளும், ஆங்கிலத்தில் நடக்கும் முதன்மைப் பாடமும் சேர்ந்து வருகின்றன. முதல் பருவத்தில் ஒன்று நிற்கும். இரண்டாம் பருவத்தில் புதிய தாள்களோடு பழையதும் சேரும். மூன்றாவது வருடம் வரும்போது ஒரு பருவத்துக்கு உரிய தாள்களைவிட நிலுவைத் தாள்கள் அதிகமாக இருக்கும்.

படிக்காததால் விழுகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். டெல்டாவின் பயிர்க் காலண்டரையும் கல்லூரிக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. அதன் அறுப்பும் சம்பா நடவும் செப்டம்பர், அக்டோபரில். கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் நடக்கும் காலமும் அதுதான். நவம்பரில் பருவத்தேர்வு. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுப்பு. அப்போது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் போகிறவர்களில் பி.ஏ. இரண்டாம் ஆண்டும் பி.காம். மூன்றாம் ஆண்டும் இருக்கிறார்கள். அம்மா நடவுக்குப் போனால் மகள் வீட்டில் உலை வைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகும். அபராதம் கட்டி எழுதலாம், இன்னும் குறைந்தால் எழுதவே முடியாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது கூரை பறந்தது, புத்தகம் நனைந்தது. அதுவும் பருவத்தேர்வுக் காலம்தான்.

அடுத்தது பணம். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. 2021 முதல் ஒன்றியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆதார் இணைக்காத கணக்கு என்றால் வராது. வருகிற நாள் முன்கூட்டித் தெரியாது. வந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் கட்டணம் கட்ட அந்தப் பணம் மிஞ்சாது. அரியர் தாளுக்கு எங்களிடம் வந்த பிள்ளைகள் கைக்காசைத்தான் கட்டினார்கள். கைக்காசு என்றால் அது ஒரு நாள் களையெடுப்புக் கூலி.

மூன்று வருடம் முடிந்ததும் இன்னொன்று நடக்கிறது. விடுதி இல்லை. பஸ் பாஸ் இல்லை. உதவித்தொகை இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் இல்லை. தேர்வு மட்டும் பாக்கி இருக்கிறது. எல்லா உதவியும் இருந்தபோது தேறாத தாளை, எதுவுமே இல்லாதபோது தேறச் சொல்கிறது இந்த ஏற்பாடு.

ஒரு மாணவியின் கணக்கு

கணிதம் படித்த ஒரு மாணவி. கணிதத் தாள்கள் எல்லாம் முதல் தடவையிலேயே தேறியவை. நின்றது இரண்டு ஆங்கிலத் தாள்கள். அதில் ஒன்று இரண்டே மதிப்பெண்ணில் போனது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கெடு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த தடவை தேர்வுக் கட்டண அறிவிப்பைத் துறை வாசல் பலகையில் ஒட்டிய வாரம் அவர் வீட்டில் நடவு. கெடு போய்விட்டது.

அவர் அப்பா ஒரு வாக்கு கொடுத்திருந்தார்: பட்டம் வாங்கியபிறகுதான் கல்யாணப் பேச்சு. மூன்று வருடம் முடிந்தது, பட்டம் வரவில்லை. "இன்னும் எத்தனை வருஷம்தான் முடிக்காம இருக்கும்?" என்று உறவில் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு தாள்களும் ஒரு பெண்ணின் கல்யாணத் தேதியை முடிவுசெய்யும் இடத்துக்கு வந்துவிட்டன. "அக்கா, அப்பாகிட்ட நீங்க வந்து பேசுங்க" என்று அந்த மாணவி கூப்பிட்டார். போனோம். படிப்பின் பெருமை பற்றி நாங்கள் எதுவும் பேசவில்லை. எந்தத் தேதியில் கட்டணம், எந்த மாதம் தேர்வு, எப்போது முடிவு, அது முடிந்தால் பி.எட். சேர்க்கை எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தேதி தெரிஞ்சா சொல்லி நிறுத்திடலாம்" என்றார். அந்தப் பெண் இரண்டு தாளையும் தேறி, ஒரு வருடம் தள்ளி பி.எட். சேர்ந்தார்.

அந்த அப்பாவுக்குப் படிப்பின் மேல் மதிப்பு இல்லாமலில்லை. அவரிடம் இல்லாதது தேதி. சமூகவியலில் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்று விளக்குவார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆதிக்க சாதி வீட்டுப் பையனுக்கு மறுமதிப்பீட்டுக் கெடுவைச் சொல்ல ஒரு சித்தப்பா இருக்கிறார், கல்லூரி அலுவலகத்தில் பேச ஒரு மாமா இருக்கிறார். நம் பிள்ளைக்கு அறிவிப்புப் பலகை மட்டும்தான் இருக்கிறது.

அண்ணலுக்கும் கெடு இருந்தது

தோழர்களே, படிப்பு பாதியில் நிற்பதை அவமானமாக நினைத்து ஒளிகிறவர்களுக்கு நாங்கள் ஒரு வரலாற்றைச் சொல்வோம். 1917இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் உதவியதால், நான்கு வருடங்களுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதி கிடைத்தது. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன், சாகு மகராஜின் உதவி எல்லாவற்றையும் கூட்டி 1920இல் திரும்பினார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. முடித்தார்.

அவருடைய உழைப்பை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்த அனுமதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சரியான நேரத்தில் ஒரு பேராசிரியர் துணை நின்றதால் ஒரு கதவு மூடாமல் இருந்தது. அந்த உதவியைத் தற்செயலுக்கு விடாமல் ஓர் ஏற்பாடாக மாற்ற முடியுமா என்பதே நம் கேள்வி.

ஏற்பாடாகச் செய்தால்

நாங்கள் செய்வது சின்ன வேலை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோட்டு. சேர்ந்த வாரம் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். நான்காவது வாரம் வருகைப்பதிவு. முதல் உள்மதிப்பீடு முடிந்ததும் மதிப்பெண். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பெரும்பாலும் உள்மதிப்பீடு 25, பருவத்தேர்வு 75. அந்த 25இல் யார் சறுக்குகிறார் என்று செப்டம்பரிலேயே பார்த்துவிட்டால், நவம்பரில் தோற்கப்போகிறவரை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிடலாம். பிறகு கட்டணத் தேதி. கடைசியாக, முடிவு வந்த வாரம். அந்த வாரம்தான் முக்கியம். அப்போது பேசாமல் ஒதுங்குகிற பிள்ளை பிறகு கிடைக்காது. ஒரு தெருவுக்கு ஒரு மூத்த மாணவர் பொறுப்பு. அக்காவோ அண்ணனோ கேட்டால் சொல்கிறார்கள், எங்களிடம் சொல்லாததையும் சொல்கிறார்கள்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். அங்கே ஏழை, கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் அதிகம் படிக்கும் இரண்டு வருடக் கல்லூரிகளில் 2007இல் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள் மட்டுமே. அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும். கட்டணத்தில் விழும் துண்டை அவர்களே போடுவார்கள், புத்தகம் இலவசம், ரயில் பஸ் பயண அட்டையும் இலவசம். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆய்வு செய்தபோது, திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினர் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கினார்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர். ஆலோசனையும் பஸ் காசும் சேர்ந்து போனதால் வந்த வித்தியாசம் இது. வெறும் அறிவுரையாக இருந்தால் இது நடந்திருக்காது.

நம் கல்லூரிகளிலும் வழிகாட்டி ஆசிரியர் ஏற்பாடு இருக்கிறது. நாக் குழு வருகிறபோது கோப்பில் பளபளப்பாக இருக்கும். ஆனால் துறைகளைத் தாங்குவது தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். தன் வேலையே அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாதவரிடம், மாணவரின் மூன்று வருடத்தைத் திட்டமிடச் சொன்னால் எப்படிச் சொல்வார்?

தோழர்கள் கேட்ட கேள்வி

"இது தொண்டு நிறுவன வேலை, அரசியல் இல்லை" என்று சில தோழர்கள் சொன்னார்கள். மதித்துத்தான் பதில் சொல்கிறோம். 2020 ஆகஸ்ட் 26ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவைச் சொல்லி அரியர் தேர்வுகளை ரத்து செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். அந்தத் தேர்ச்சி யாருக்கு? தேர்வுக் கட்டணம் கட்டியவர்களுக்கு. கட்ட முடியாதவர் அந்தச் சலுகைக்கும் வெளியே நின்றார். பிறகு சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல் தேர்வு நடத்தச் சொன்னது. ஒரே அறிவிப்பில் தீர்ப்பதாகச் சொன்ன பிரச்சினை, கட்டணத் தேதி என்ற சின்ன இடத்தில் மறுபடி சாதியாகவும் வர்க்கமாகவும் பிரிந்தது. அந்தச் சின்ன இடத்தில் யார் நிற்பது என்பது அரசியல்தான்.

ஆபத்து இல்லாமலும் இல்லை. ஆலோசனை என்ற பெயரில் "உனக்கு இது சரிவராது, வேறு பாடம் எடு" என்று இறக்கிவிடுகிற ஆசிரியர்களை நம் பிள்ளைகள் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கணினியே யார் தோற்பார் என்று முன்கூட்டிச் சொல்லும் முறைகள் வந்துவிட்டன. நாளை இங்கும் வரும். அந்தப் பட்டியலில் சாதி ஒரு காரணமாக ஏறக் கூடாது. ஏற வேண்டியவை வருகைப்பதிவு, மதிப்பெண், வராத உதவித்தொகை, கிடைக்காத பஸ். பிள்ளையிடம் என்ன குறை என்று கேட்கிற ஏற்பாடு நமக்கு வேண்டாம். கல்லூரி அவருக்கு எதைக் கொடுக்கவில்லை என்று கேட்கிற ஏற்பாடு வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு அரசுக் கல்லூரியும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள் என்பதைச் சமூகவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவு புகார்ப் பெட்டியோடு நிற்காமல் முழுநேர ஆலோசகர்களோடு இயங்க வேண்டும். அரியர் தாளுக்கான கட்டணத்திலிருந்து விலக்கு வேண்டும். கடைசி அரியர் முடியும்வரை, குறைந்தது ஒரு வருடமாவது, விடுதியும் பஸ் பாஸும் தொடர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விடுதியிலிருந்து பட்டம் இல்லாமல் வெளியேறுகிற பிள்ளைக்கும் அந்தப் பெயர் பொருந்த வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் உங்களுக்கு ஒரு வருடம் பின்னால் படிக்கிற தம்பியோ தங்கையோ யார் என்று பாருங்கள். அடுத்த தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று இன்று மாலை அவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், கூட உட்கார்ந்து கண்டுபிடியுங்கள்.

ஜெய் பீம்.