தானே அணைந்து தானே எழுந்த கணிப்பொறி

நாம் பெரும் படிப்புப் படித்தவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியபின் இரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானோம். தம்பானூரில் 1931 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவனந்தபுரம் நிலையத்தின் பார்சல் பகுதியில், பேரேடும் பதிவேடுமே நாம் நாள்தோறும் பழகும் பொருள்கள். அத்தகைய நாம் கணிப்பொறியைப் பற்றி எழுதப் புகுந்தது அன்பர்கட்கு வியப்பாக இருக்கலாம். நம் வீட்டில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி, வாடகை வீட்டில் வாழும் நம்மவர் பலருக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் தமக்கையாரின் கணவர் இளமையிலேயே காலமாகிவிட்டார். அவர்தம் மகனை, நம் மருமகனை, நெல்லைச் சீமையிலிருந்து அழைத்து வந்து இங்கே பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறோம். அவனுக்கு வயது பத்தொன்பது. விடுமுறை நாட்களிலெல்லாம் செல்பேசி பழுது பார்க்கும் கடையொன்றில் வேலை செய்து 38,000 ரூபாய் சேர்த்திருந்தான். கணிப்பொறி விளையாட்டு ஆடுவதற்கேற்ற பெட்டியொன்றைத் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. குறைந்த 20,000 ரூபாயை நாம் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுக் கொடுத்தோம். ஓணம் விடுமுறையில் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று உறுப்புகளைத் தேர்ந்து வாங்கி, கண்ணாடிப் பாத்திரம்போல் மடியில் வைத்துக்கொண்டே இரயிலில் வந்து சேர்ந்தான். இரண்டு நாட்களில் பெட்டி உருப்பெற்றது. அதன் ஒளியைக் கண்டு நம் தாயார், "தீபாவளி முன்னதாகவே வந்துவிட்டதோ?" என்று கேட்டார்கள்.

மூன்று வாரம் யாதொரு குறையுமில்லை. பின்னர் ஒருநாள் மாலை, விளையாட்டின் நடுவே திரை இருண்டது. பெட்டி தானே அணைந்து, தானே எழுந்தது. மறுநாள் இருமுறை. அதற்கடுத்த நாள் மூன்று முறை. துலாமழைக் காலத்து இடிமின்னல் காரணமாக இருக்குமென்று முதலில் எண்ணினோம். வானம் தெளிந்திருந்த நாட்களிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

ஒருநாள் அவன் தன் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது பெட்டி அணைந்து, அரைநாள் உழைப்பு அழிந்து போயிற்று. அப்பொழுது நாம் ஆறுதல் கூறியிருக்க வேண்டும். அவ்வாறு கூறினோமில்லை. "இராப்பகலாக விளையாடினால் எந்த இயந்திரந்தான் தாங்கும்? கடன் பட்டது நான், கெடுத்தது நீ" என்று கடிந்துரைத்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உணவு கொள்ளவுமில்லை. காலையில், "மாமா, இதை விற்றுவிடுகிறேன். கிடைப்பதில் முதலில் உங்கள் கடனைக் கட்டிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னான். அச்சொற்கள் நம் நெஞ்சில் தைத்தன.

அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது ஓர் எண்ணம் தோன்றிற்று. நிலையத்தில் கைகாட்டி விளக்கு காரணமின்றிச் சிவப்பானால், நாம் யாரையும் உடனே குற்றஞ்சாட்டுவதில்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி என்று பதிவேட்டில் எழுதுகிறோம். பின்னரே காரணம் தேடப்படுகிறது. இரயிலுக்குக் காட்டும் பொறுமையை நாம் வளர்த்த பிள்ளைக்குக் காட்டினோமா? மாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் சென்றோம். "மருமகனே, விற்பது பிறகு இருக்கட்டும். இரண்டு வாரம் இதில் எழுதுவோம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்போம்" என்றோம். அவன் முகம் சற்றே தெளிந்தது.

முதலில், பிழை நேர்ந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் அமைப்பை விண்டோசில் நிறுத்தி வைத்தான். மென்பொருளில் பிழையிருந்தால் நீலத்திரை தோன்றி நிற்கும் என்றான். நீலத்திரை தோன்றவில்லை. பெட்டி முன்போலவே சட்டென்று அணைந்து எழுந்தது. விண்டோசின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்னும் குறிப்பு மட்டும் இருந்தது. முறைப்படி மூடப்படாமல் பொறி மீண்டும் தொடங்கிற்று என்பதே அதன் பொருள். அது காரணத்தைச் சொல்லும் குறிப்பன்று. விளைவைச் சொல்லும் குறிப்பு. பொறிக்கும் ஒரு பதிவேடு உண்டென்று அறிந்தபோது நமக்கு அதன்மீது தனியொரு பற்று உண்டாயிற்று.

அடுத்து வெப்பம். பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை வைத்து அளந்தோம். செயலி 70 பாகை, கிராபிக்ஸ் கார்டு 74 பாகை. இவை அஞ்சத்தக்க அளவுகளல்ல. அடுத்து நினைவகம். நள்ளிரவு முதல் விடியும்வரை சோதனை ஓட்டினோம். ஒரு பிழையும் இல்லை. அன்றிரவு முழுவதும் பெட்டி ஒருமுறையேனும் அணையவில்லை என்பதை நோட்டில் எழுதினோம்; ஆனால் அதன் பொருளை அப்போது உணர்ந்தோமில்லை.

பின்னர் கிராபிக்ஸ் கார்டின் மின்கம்பி. எட்டு முனை இணைப்பு ஒன்றிற்கு 150 வாட் என்பது வரையறை. அத்தகைய இணைப்புகள் இரண்டையும் ஒரே கம்பியிலிருந்து எடுத்திருந்தான். தனித்தனிக் கம்பிகளாக மாற்றினான், பயனில்லை. நம் அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து, பவர் சப்ளை என்று வழங்கும் மின்வழங்கிப் பெட்டியை இரவல் வாங்கி வந்து பூட்டினான். அன்று மாலையும் பெட்டி அணைந்தது. "இனி மதர்போர்டுதான் மாமா" என்று தலையில் கைவைத்து அமர்ந்தான்.

அவ்வேளையில் சமையலறையிலிருந்து நம் இல்லாள் கூறிய சொல்லே வழி திறந்தது. "நான் தண்ணீர் மோட்டாரைப் போடும்போதெல்லாம் இவன் 'ஐயோ' என்கிறானே, அதை எழுதினீர்களா?" என்றாள். நாம் எழுதவில்லை. பெட்டிக்குள் நிகழ்வதையே எழுதினோமேயன்றி, வீட்டிற்குள் நிகழ்வதை எழுத நமக்குத் தோன்றவில்லை. மறுநாள் முதல் நோட்டில் புதிய கட்டமொன்று வரைந்து, மோட்டார், கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி ஆகியவை ஓடும் நேரங்களையும் குறித்தோம். ஒரு வாரத்தில் பெட்டி பதின்மூன்று முறை அணைந்தது. அவற்றுள் பத்து, மோட்டார் ஓடிய நேரம். இரண்டு, மாவரைக்கும் கிரைண்டர் ஓடிய நேரம். ஒன்றுக்கு மட்டும் காரணம் புலப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கரமனையில் உள்ள அந்த நண்பர் இல்லத்திற்கு ஆட்டோவில் பெட்டியைக் கொண்டு சென்றோம். அங்கே எட்டு மணிநேரம் கடுமையான விளையாட்டு ஓடிற்று, ஒருமுறையும் அணையவில்லை. வீடு திரும்பி, மாலை ஆறரை மணிக்கு மோட்டாரைப் போட்டவுடன் அணைந்தது. குற்றம் பெட்டியில் இல்லை. சுவரில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அதன் இயல்பை மருமகன் நமக்கு விளக்கினான். மின்வழங்கிப் பெட்டி, வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் முதலிய சிறு அளவுகளாக்கித் தருகிறது. அந்த 12 வோல்ட் நூற்றுக்கு ஐந்துக்குமேல் ஏறவோ இறங்கவோ கூடாது. எல்லாம் முறையாக உள்ளவரை 'மின்சாரம் சரி' என்னும் குறிப்பொன்றை அது மதர்போர்டுக்கு விடாமல் அனுப்பிக்கொண்டேயிருக்கும். அக்குறிப்பு நின்றால் மதர்போர்டு உடனே பொறியை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கச் செய்யும். வெளி மின்சாரம் அறுந்தால், உள்ளிருக்கும் மின்தேக்கி சிறிது நேரம் தாங்கும். முழுச்சுமையில் அது 16, 17 மில்லி விநாடி அளவே. நம் நாட்டு மின்னோட்டத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி என்றால், அது எத்துணைச் சிறிய நேரம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். மின்தேக்கியைத் தண்ணீர்த் தொட்டியாகக் கொண்டால், விளையாட்டு என்பது குழாயை முழுதும் திறந்து விடுவது போன்றது. தொட்டி விரைவில் வற்றும். விளையாடும்போது மிகுதியாக அணைந்ததற்குக் காரணம் இதுவே. விளையாட்டு குற்றத்தைச் செய்யவில்லை, காட்டிக் கொடுத்தது.

இதைக் கேட்டபோது நமக்கு இருப்புப்பாதைக் கைகாட்டியே நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் அறுந்தால் விளக்கு சிவப்பாக மாறும், பச்சையாக நில்லாது. பழுது நேரினும் அது பாதுகாப்பின் பக்கமே நேரவேண்டும் என்பது அவ்வமைப்பின் நெறி. மருமகன் வேறொரு செய்தி சொன்னான். 1969 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள் அப்போலோ 11 கலத்தினர் நிலவில் இறங்குகையில், கலத்தின் கணிப்பொறி வேலைப்பளு மிகுந்து 1202, 1201 என்னும் எச்சரிக்கைகளைக் காட்டிப் பலமுறை தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டதாம். ஒவ்வொரு முறையும் இன்றியமையாப் பணிகளை மட்டும் தொடர்ந்து நடத்தியமையால், கலம் நலமே இறங்கிற்று. ஆகவே, தானே அணைந்து எழுவது எல்லா வேளையிலும் பொறியின் சீர்கேடன்று என்பதை அறிந்துகொண்டோம்.

திங்களன்று உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வந்தோம். நோட்டைக் காட்டியதும் அவர் மோட்டார் ஓடும் வழியையே முதலில் ஆராய்ந்தார். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்பலகையைத் திறந்தார். நியூட்ரல் கம்பிகள் சேருமிடத்தில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. கம்பியின் மேலுறை உருகி, சுற்றிலும் கரி படிந்திருந்தது. எக்காலத்திலோ யாரோ மோட்டாருக்கும் அறைக்கும் ஒரே வழியில் இணைப்புத் தந்திருந்தனர். மோட்டார் தொடங்குகையில் அது மிகுதியான மின்னோட்டத்தை இழுக்க, தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காமல் கணப்பொழுது விட்டுவிட்டுத் தொட்டது. எல்.இ.டி. விளக்கில் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. கணிப்பொறிக்குத் தெரிந்தது.

"எம்.சி.பி. என்னும் காப்பு இருந்தும் ஏன் விழவில்லை?" என்று கேட்டோம். இணைப்புத் தளர்ந்தால் மின்னோட்டம் பெருகுவதில்லை. ஆகவே அது விழாது என்றார் அவர். ஆனால் வெப்பம் பெருகும். ஒரு ஓம் தடையுள்ள இணைப்பில் 5 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு புள்ளியிலேயே 25 வாட் வெப்பம் தோன்றும். சால்டரிங் அயர்னின் நுனியைச் சுவருக்குள் வைத்தது போலாகும். இன்னுஞ் சில மாதம் சென்றிருந்தால் தீப்பற்றியிருக்கவும் கூடும் என்றார்.

அப்பலகையின் நேர்கீழே நம் தாயாரின் கட்டில் கிடக்கிறது. அதைக் கண்டு சிறிது நேரம் நமக்கு வாய் எழவில்லை.

கரிந்த பகுதியை வெட்டி நீக்கி, புதிய இணைப்புப் பூட்டி, மோட்டாருக்குத் தனிவழி அமைத்தார். அறையிலிருந்த பிளக் துளையில் எர்த் கம்பி பெயரளவிற்கே இருந்தது, அதையும் சரிசெய்தார். மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தினார். வீட்டுச் சொந்தக்காரரிடம் கரிந்த கம்பியைக் காட்டியபோது, அவரே செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். அன்று முதல் பெட்டி ஒருமுறையேனும் தானே அணையவில்லை.

அன்றிரவு உணவுண்ணும்போது, "மருமகனே, நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ இந்தப் பெட்டியைப் பூட்டியிராவிட்டால் ஆச்சியின் தலைக்குமேல் எரிந்துகொண்டிருந்ததை நாம் அறிந்திருக்க மாட்டோம்" என்றோம். அவன் நாணத்தோடு தட்டைப் பார்த்துக்கொண்டே, "கண்டுபிடித்தது அத்தைதான் மாமா" என்றான். அதுவும் உண்மையே. நம் இல்லாள் ஒன்றுங் கூறாமல், அவன் தட்டில் இன்னுமொரு தோசையை வைத்தாள்.

அன்பர்கட்குச் சில சொற்கள். சாலைக் கடைத்தெருப் பக்கத்திலும் கரமனையிலும் நம்மவர் குடியிருக்கும் வீடுகளுள் பழமையானவை பல. குடிபுகுமுன் நாம் கிணற்றையும் சமையலறையையும் பார்க்கிறோம். மின்பலகையைத் திறந்து பார்ப்பாரில்லை. சுவிட்சு சுடுதல், கரிநாற்றம், மோட்டார் போட்டால் விளக்கு மங்குதல், கணிப்பொறி காரணமின்றி அணைதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் கண்டால், தாமே திருகாணியைத் தொடாமல் தேர்ந்த மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். கணிப்பொறியில் ஐயமெனில், உறுப்புகளை விலைக்கு வாங்கி மாற்றுமுன் அதை வேறு வீட்டில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தல் நன்று. அதற்குச் செலவு ஆட்டோக் கூலி மட்டுமே.

மற்றொன்றும் உண்டு. பிள்ளைகள் மீது குற்றஞ் சுமத்துமுன் ஒரு வாரமேனும் எழுதிப் பார்ப்போமாக. நம் நோட்டில் இன்னும் பாதிக்குமேல் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. மருமகன் அதில் தன் திட்ட அறிக்கையை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறான்.