உலை வைக்கத் தெரிந்தவர்கள்

குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மெல்லிய சிரிப்பு எழும். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் மணமானவள் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். விரல்களைக் கட்டியிருக்கும் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது. கணவன் சுவைத்து உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் பெற்றவளிடம் சொல்கிறாள். உரைகள் எல்லாம் காதலின் நுட்பத்தைப் பேசும். எனக்கென்னவோ அது ஒரு தேர்வு முடிவை அறிவிக்கும் பாட்டாகவே தோன்றுகிறது. எழுதியவள் பெண், கற்பித்தவள் பெண், முடிவுக்காகக் காத்திருப்பவளும் பெண். அவன் உண்கிறான், அவ்வளவுதான்.

இம்முறை பாட்டை முடித்துவிட்டு, 'உங்களில் எத்தனை பேருக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியும்?' என்று கேட்டேன். பெண்களில் பாதிப் பேர் தயங்கிக் கை தூக்கினார்கள். மாணவர்களில் ஒருவரும் இல்லை. அன்று வகுப்பில் ஓர் இடம் காலி. துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண் மூன்று வாரமாக வரவில்லை.

அவளுடைய அண்ணன் எங்கள் கல்லூரியிலேயே வேறு துறையில் இறுதியாண்டு படிக்கிறான். மாலை ஆறு மணிக்கு மேல் சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு பரோட்டாக் கடையில் கல்லில் நிற்பான். ஒன்பதரைக்குத் துறையூர் பேருந்து பிடிப்பான். நானும் திருவரங்கம் போக அங்கேதான் ஒன்றாம் எண் பேருந்துக்குக் காத்திருப்பவன். 2021இல் புதுப்பித்துத் திறந்த பிறகு நிலையம் பளிச்சென்று இருக்கிறது. முசிறிக்கும் இலால்குடிக்கும் போகும் பிள்ளைகளின் கூட்டம் மட்டும் பழையபடியே. அங்கே அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஐயா. ஆறு வாரம் வெயிட்டே தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. வீட்ல சோறாக்க ஆள் வேணும்ல? அதான் பாப்பா நின்னுருச்சு."

"நீ இருக்கியேப்பா?"

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். முந்நூறு பரோட்டாவுக்கு மாவு பிசைந்து, உருட்டி, வீசி, அடுக்கித் தட்டுகிற கை அது. அந்தக் கைக்கு வீட்டு உலை தெரியாது என்பது அவனுக்கு வியப்பாகவே படவில்லை.

வியப்பில்லைதான். காவிரிப் பாலத்தைக் கடந்தால் அரங்கன் கோயில் மடைப்பள்ளி. அங்கே சமைப்பவர்கள் ஆண்கள். கல்யாணப் பந்தியில் பெரும்பாலும் ஆண்கள். நளனும் பீமனும் ஆண்கள். கூலியோ சன்னிதியோ புகழோ இருக்கும் அடுப்பில் ஆணுக்குக் கை கூசுவதில்லை. கூலியற்ற அடுப்பு ஒன்றே பெண்ணுக்கு ஒதுங்குகிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. அந்த வேலையை எட்டியே பார்க்காத ஆண்கள் இந்த 88க்குள் வரவே மாட்டார்கள்.

கல்வி இதைத் தொடாமலில்லை. கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. இராஜம்மாள் தேவதாஸ் போன்றோர் ஊட்டச்சத்தை முறையான அறிவியலாக அங்கே வளர்த்தார்கள். ஆனால் அது பெண்கள் கல்லூரி. மேல்நிலை வகுப்பு மனையியல் பாடத்தில் ஆண்பிள்ளையைக் கண்டவர்கள் அபூர்வம். ஜப்பானிலும் நெடுங்காலம் அப்படித்தான். 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் மேல்நிலைப் பள்ளியிலும் மனையியலை இருபாலருக்கும் கட்டாயமாக்கினார்கள். கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தந்தை தேங்காய் துருவும் படம் இருக்கிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் 'ஜீவன் கௌஷல்' என்று வாழ்க்கைத் திறன் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, நேர்காணல், மானுட விழுமியம் எல்லாம் உண்டு. வாழ்க்கை என்றால் அலுவலகம் என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

முதுகலை படிக்கையில் திருவரங்கத்தில் நாங்கள் மூவர் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். வீட்டுக்காரப் பாட்டிதான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன் எங்களை உட்கார வைத்துச் சொல்லித் தந்தவர். அவரிடம் கற்றதைத்தான் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து இவனுக்குச் சொன்னேன். நான்கு பேருக்கு எத்தனை ஆழாக்கு. புழுங்கலரிசியை அரைமணி ஊற வைப்பது. ஒரு பருக்கையை விரலிடுக்கில் நசுக்கிப் பதம் பார்ப்பது. கஞ்சி வடிப்பதற்குத்தான் பயந்தான். கொதிக்கும் பரோட்டாக் கல்லுக்கு அஞ்சாதவன்! ஈரத்துணியால் பானையின் இரு பக்கமும் மூடியோடு சேர்த்துப் பிடித்து, வடிதட்டில் மெல்லச் சாய்க்க வேண்டும் என்று வெறும் கையால் நடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த நடத்துநர் ஒருவர், "ஆவி மூஞ்சில அடிக்கும் தம்பி, தலைய அந்தாண்ட திருப்பிக்க" என்று விட்டுப்போனதைச் சேர்த்தார். அவர் வீட்டில் யார் வடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம்.

முதல் நாள் சோறு குழைந்துவிட்டதாம். அம்மா படுத்தபடியே பக்குவம் சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தட்டைப் பார்க்காமல் சாப்பிடத் தொடங்கினார். சிலிண்டர் மாற்றுவது, அம்மாவின் மாத்திரை வேளை, ரேஷன் வாங்கும் நாள் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் கைக்கு வந்தன. துணி துவைப்பதை மட்டும் தங்கைக்கே விட்டுவைத்திருந்தான். கொடியில் காயப்போடும்போது தெருவில் எல்லோரும் பார்ப்பார்களாம்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். பருவ முடிவில் எழுபத்தைந்து விழுக்காட்டுக்கு வருகை எட்டவில்லை. கட்டணம் செலுத்தி அனுமதி வாங்கித்தான் தேர்வெழுதினாள். பணத்தை அண்ணன் பரோட்டாக் கடைச் சம்பளத்திலிருந்து கட்டினான். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். இருந்தும் வாரத்தில் மூன்று காலை அவன் முறை என்றாள். "சோறு வந்துருச்சு ஐயா, குழம்புலதான் இன்னும் புளி தூக்கலா இருக்கு."