வருஷத்துக்கு 77 மில்லி செகண்ட்

மார்கழி, தை ராத்திரிகளில் மொட்டை மாடிக்குப் போனால் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்பு பெல்ட். நம் திருவாதிரை அவனுக்குத் தோள். பெல்ட்டில் கடைசியாக உதிக்கிற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி, சிக்மா ஓரியானிஸ். (ஏரியாவில் கரன்ட் போயிருந்தால் உத்தமம்.)

அது தனி ஆள் இல்லை, கூட்டுக் குடும்பம். அதில் 'இ' என்று இனிஷியல் போட்ட உறுப்பினர் மேல்தான் எனக்குப் பிரியம். சூரியனைப் போல சுமார் எட்டு மடங்கு எடை. இருந்தும் 28 மணி 35 நிமிஷத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை லேசாக மங்கும். யார் குறுக்கே போவது? வெளியாள் யாருமில்லை. அதன் சொந்தக் காற்றுதான்.

இவ்வளவு சூடான நட்சத்திரத்தில் ஒளியே வாயுவை வெளியே பிடித்துத் தள்ளும். சாதாரணமாக அது நாலா பக்கமும் பறந்து போயிருக்க வேண்டும். இங்கே குறுக்கே நிற்பது காந்தப்புலம். சுமார் 10,000 காஸ். (பூமிக்கு அரை காஸ்தான்.) இதைக் கண்டுபிடித்து 1978-ல் சொன்னவர்கள் லேண்ட்ஸ்ட்ரீட், போரா என்ற இருவர். மின்னூட்டம் உள்ள வாயு, காந்தக் கோடுகளை மீற முடியாது. வட பாதியிலிருந்து ஒரு ஓட்டம், தென் பாதியிலிருந்து ஒரு ஓட்டம். நடுவழியில் மோதி, விழவும் முடியாமல் ஓடவும் முடியாமல் இரண்டு மேகங்களாகத் தேங்கி நட்சத்திரத்தோடு சேர்ந்தே சுற்றுகின்றன. அவை முன்னால் வரும்போது வெளிச்சம் குறைகிறது.

நான் பி.காம். எனக்கு ருசித்தது இனிமேல் வருகிற தேய்மானக் கணக்குதான். நழுவி ஓடும் கொஞ்சம் காற்றும் காந்தக் கோடுகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் போய், சுழற்சியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் விடுகிறது. ஆகவே நட்சத்திரம் மெதுவாகிறது. எவ்வளவு? ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் வருஷத்துக்கு 77 மில்லி செகண்ட் கூடுகிறது. 2010-ல் ரிச்சர்ட் டவுன்செண்ட் குழு இதை அளந்தபோது, காந்தக் காற்றை வைத்துப் போட்டிருந்த கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

77 மில்லி செகண்டை எந்தக் கடிகாரத்தால் பிடித்தார்கள் என்கிறீர்களா? பழைய நோட்டுகளால். 1970-களில் எடுத்த ஒளி அளவுகளைப் புதிய அளவுகளோடு ஒப்பிட்டார்கள். வருஷத்துக்குச் சுமார் முந்நூறு சுற்று. ஒவ்வொன்றிலும் துளித்துளியாகத் தாமதம் சேர்ந்து, முப்பது வருஷத்தில் மங்கும் நேரமே மணிக்கணக்கில் பின்னால் போய்விட்டது. எழுபதுகளில் டெலஸ்கோப்புக்குப் பின்னால் கண்விழித்தவருக்கு இந்த 77 தெரிந்திருக்க நியாயமில்லை. தேதியும் நேரமும் போட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.