மலிவாகவும் வேண்டும், நம்பகமாகவும் வேண்டும்!

மணலி புதுநகரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கும். எந்தச் சாமானாக இருந்தாலும் அதன் விலையோடு, போய் வாங்கி வரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் மீஞ்சூர், அந்தப் பக்கம் திருவொற்றியூர். நடுவே பொன்னேரி சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், சின்னப் பயணம்கூடப் பெரிய யாத்திரையாகிவிடும். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பையன், தோளில் கட்டைப் பை. இந்த லட்சணத்தில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறதென்று ஊர் சுற்ற முடியுமா, சொல்லுங்கள்!

என் கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வாடகை, சீட்டு, ஊரிலிருக்கும் மாமனார் மாமியாருக்கு அனுப்புவது எல்லாம் போக, வீட்டுச் செலவுக்கென்று என் கைக்கு வருவது 14,000 ரூபாய். பால், மளிகை, காய், கேஸ், மருந்து, துணிமணி, எதிர்பாராமல் வந்து நிற்கும் விருந்தாளி, எல்லாம் அதற்குள்தான். ஆகவே கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் விலை எழுதி வருகிறேன். எந்த மாதம், எந்தக் கடை, என்ன எடை, என்ன விலை. அவ்வளவுதான். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

எங்கள் தெரு முனை அண்ணாச்சிக்கு இந்த நோட்டைக் கண்டாலே சிரிப்பு. "என்னம்மா, நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டியளா? உளுந்து ஏறிப்போச்சு, நான் என்ன செய்ய?" என்பார். பெரிய மார்ட்டுகளைவிட அவரிடம் சில சாமான்கள் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் மாத மளிகையில் பாதி அவரிடம்தான் வாங்குகிறேன். காரணம் இருக்கிறது. ரவையில் வண்டு இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை உண்டா, எந்த வருஷத்து முத்திரை என்று ஒரு நாள் நான் குனிந்து பார்த்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. தராசைத் திருப்பியே காட்டினார். கடையின் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். சரியாக வைத்திருப்பவர் தயங்காமல் காட்டுவார்.

மொத்தமாக வாங்கினால் லாபம் என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் எங்கள் ஊரில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 நவம்பரில் பூண்டியில் திறந்த தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் பெருகி வந்து இங்கே வீடுகளுக்குள் புகுந்ததே, அப்போது என் மகன் கைக்குழந்தை. கீழ் வீட்டு அக்கா மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு மூட்டை அரிசி இறக்கி வைத்திருந்தார். பிள்ளைகளைத் தூக்குவதா, மூட்டையைத் தூக்குவதா? அரிசி போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: நானும் அவரும் ஒரே தடவையில் பரணுக்குத் தூக்கிப் போட முடிகிற அளவுதான் ஸ்டாக். ஒரு மூட்டை அரிசி, பருப்பு வகை ஒரு மாதத்துக்கு, எண்ணெய் இரண்டு லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் பாதி.

மூட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடையிருந்தால் வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் முளைத்துவிட்டன! ஆகவே இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் போட்டுப் பாருங்கள். இட்லிக்கு எங்களுக்கு ரேஷன் புழுங்கலரிசியே போதும். ஊறும் நேரம் கொஞ்சம் கூட்டினால் பூவாக வருகிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் கௌரவம் பார்த்து விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்பதும் எப்போதும் சரியல்ல. ஷாம்புவில் பாருங்கள், பாட்டிலைவிடச் சாஷேயில்தான் பல சமயம் மில்லி கணக்கில் விலை குறைவு. (ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்பதற்கு முன்னோடி என்று நம் கடலூர் சின்னிகிருஷ்ணனைத்தான் சொல்வார்கள்.) இப்போது பாக்கெட்டுகளிலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் தேடுங்கள். விலை அப்படியே இருக்க, பிஸ்கட் பாக்கெட் மட்டும் நைசாக இளைத்துப் போவதையும் அதில் கண்டுபிடித்துவிடலாம்!

துணிமணிக்கு மட்டும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. வருஷத்துக்கு இரண்டு தடவை, அதற்கு மேல் இல்லை. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து, போய் வரும் செலவு என்று நோட்டில் எழுத ஒன்றுமில்லை. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், ஆனி மாதமே ஒரு நடை போய் விலையைக் குறித்துக்கொண்டு வருவேன். பாதி விலை என்று போர்டு தொங்கும்போது, எதில் பாதி என்று தெரிய வேண்டாமா? குழந்தைத் துணி என்றால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் தேய்ப்பேன்; சாயம் ஒட்டினால் வேண்டாம். பட்டனை இழுத்துப் பார்ப்பேன். கடைக்காரப் பையன் முறைப்பான். முறைக்கட்டும்!

சின்னவள் பிறந்தபோது டயாபர் கணக்கு வந்தது. ஒன்று பத்து ரூபாய், நாளைக்கு நான்கு என்றால் மாதம் 1,200. என் பட்ஜெட்டில் அது நடக்காது. அத்தை ஊரிலிருந்து மாமாவின் பழைய மல்வேஷ்டிகளைத் துவைத்துக் கொடுத்தனுப்பினார். பகலெல்லாம் அதுதான். ராத்திரிக்கு ஒரு டயாபர், மாதம் 300. பிள்ளைக்குப் புண்ணும் இல்லை.

ஆனால் வாய்க்குள் போகும் விஷயத்தில் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். பேறு முடிந்து வந்ததும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "டின் பால் குடு, புள்ள கொழுகொழுன்னு வரும்" என்றார் ஒருவர். அந்த டின்னை எடுத்துப் படித்துப் பாருங்கள். தாய்ப்பாலே சிறந்தது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும்! விற்பவரே அப்படிச் சொல்ல வேண்டும் என்று 1992-ஆம் வருஷத்துச் சட்டம் வைத்திருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால்மாவு, உணவு, பால்புட்டி இவற்றுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இலவச சாம்பிள், அன்பளிப்பு என்று ஆசை காட்டக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஆகையால் குழந்தை உணவுக்கு யாராவது 'ஆஃபர்' என்று நீட்டினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். டாக்டர் சொல்லி, டின் பால் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தேதியைப் பார்த்து, டின்னில் சொன்ன அளவு தண்ணீரையே ஊற்ற வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்துத் தண்ணீரைக் கூட்டினால் பிள்ளைதான் மெலியும்.

பால்புட்டி எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. சுகாதார நிலைய நர்ஸம்மா, "பாட்டில் எதுக்கும்மா? கழுவி மாளாது. பாலாடை வாங்கிக்கோ" என்றார். எவர்சில்வர் பாலாடை, மூக்குப் போல் நீண்டிருக்குமே, அதுதான். ஒரே ஒரு தடவை செலவு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் சுத்தம். மூத்தவனுக்கு வாங்கியது, சின்னவளுக்கும் வந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் அங்கன்வாடியில் சத்துமாவுப் பாக்கெட் தந்தார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அது இலவசம். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்த்து, விட்டமின்களும் கலந்த மாவு. பக்கத்து வீட்டில் அதை வாங்கி வந்து மூலையில் போட்டுவிட்டு, முன்னூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து அட்டைப் பெட்டி மாவு வாங்குகிறார்கள். "சும்மா குடுக்குறது எப்படி நல்லாருக்கும்?" என்பது அவர்கள் வாதம். நான் நெய் ஒரு சொட்டு விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கிறேன். மாதா மாதம் அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். அட்டையில் கோடு மேலேதான் ஏறுகிறது.

கேஸ் சிலிண்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமே, அதற்காக ஒரு ரூபாய் குறைத்துத் தருகிறார்களா? அது போகட்டும். சிலிண்டரின் மேல் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ சேர்ந்திருக்க வேண்டும். டெலிவரி ஆளிடம் எடை போடச் சொல்லலாம், அது நம் உரிமை. கைப்பிடித் தகட்டின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இனி மிக்ஸி கதை. போன வருஷம் ஒரு பெரிய கடையில் 3,600 ரூபாய் கொடுத்து, பில் போட்டு வாங்கினோம். பதினோராம் நாள் தோசைக்கு அரைக்கும்போது புகை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மிக்ஸியைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், கல்லாவில் இருந்தவர் பில்லின் அடியில் விரலை வைத்தார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' "படிச்சிங்களாம்மா?" என்று வேறு கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. 3,600 ரூபாய் என்றால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துச் சாப்பாடு, பால், மருந்து எல்லாம்.

அழுது என்ன பிரயோஜனம்? வீட்டுக்கு வந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். பில் நம்பர், தேதி, நடந்தது எல்லாம் பதிவு செய்துகொண்டு, புகார் எண் கொடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது: 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகமாம். பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் வரை நமக்கு உரிமை உண்டு. பில் தர மறுப்பதும் அதே குற்றம். அந்த வரி அச்சடித்திருப்பதால் சட்டம் மாறிவிடாது. ஒன்பதாம் நாள் தயாரித்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து, வேறு மிக்ஸியே கொடுத்துவிட்டுப் போனார். அதில் தீராவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிலும் கட்டணமே கிடையாது. எங்கள் வீட்டில் பில்களுக்கென்று இப்போது ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. சில பில்களில் எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் இங்கே அய்யா வைகுண்டர் தர்மபதித் திருவிழா. தேர் பார்க்கக் கூட்டம் வரும், கடைகளும் வரும். போன தடவை என் மகன் பாட்டுப் பாடும் பொம்மை போன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அறுபது ரூபாய், கேட்டால் நாற்பதுக்கும் தருவார். திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இல்லை; நகத்தால் தள்ளினால் திறக்கிறது. உள்ளே மூன்று பட்டன் பேட்டரிகள். வீட்டில் எது கிடைத்தாலும் வாயில் போடும் பத்து மாதக் குழந்தை! அந்தப் பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம் இருக்கிறது. அந்த போனில் முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை.

பையன் தரையில் உருண்டு அழுதான். கூட்டம் வேடிக்கை பார்த்தது. "நாப்பது ரூவாதானக்கா, வாங்கிக் குடேன்" என்று ஓர் அம்மா எனக்குப் புத்தி சொன்னார். நான் அவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய், பனையோலைக் காற்றாடி ஒன்று இருபது ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் அவன் அப்பா பழைய காலண்டர் அட்டையில் இன்னொன்று செய்து கொடுத்தார். அது இன்னும் மொட்டை மாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.