முழங்காற்படியிட முடியாதவளின் ஜெபம்



நம் சபையின் மகள் ஒருத்திக்கு வயது 26. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், பதின்பருவத்திலேயே அவளைப் பற்றிக்கொண்டது. ஒரு முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தியாயிற்று. நடவாளாகிய அவள் தாய்க்குச் சம்பா நடவு முடிந்ததும் மறுகாலுக்கும் அறுவை சிகிச்சை.

"முதியவர்களுக்கு இது ஒருமுறையோடு முடிந்துவிடலாம், ஐயா. என் வயதில் வைத்த மூட்டு தேய்ந்தால் மறுபடியும் மாற்ற வேண்டும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "முழங்காற்படியிடுவோம் என்று நீங்கள் அழைக்கும்போதெல்லாம் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள்.

எத்தனையோ ஆண்டுகளாக யோசியாமல் சொல்லிவந்த வார்த்தை அது. வெட்கப்பட்டேன்.

யாக்கோபு தேவனோடு போராடி ஆசீர்வாதம் பெற்றான். ஆயினும் விடிந்தபோது நொண்டியே நடந்தான். முதிர்வயதில் கோலின்மேல் சாய்ந்தே தொழுதான். எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரம் அதை விசுவாசம் என்றே எண்ணுகிறது.

ஆகவே இனி, "இயன்றவர்கள் முழங்காற்படியிடுவோம், மற்றவர்கள் அமர்ந்தே ஜெபிப்போம்" என்பேன். அவளிடம் விசுவாசக் குறைவைத் தேடாதிருங்கள். மருத்துவமனையில் இரவில் அவளுக்குத் துணையிருக்க மூன்று சகோதரிகள் தேவை. ஆராதனைக்குப்பின் என்னிடம் பெயர் கொடுங்கள்.

கர்த்தர் அவள் நடையைத் தாங்குவாராக. ஆமென்.