வழுக்குதுய்யா

அம்மா மூன்று முறை சொன்னாள். "பாத்ரூம் வழுக்குதுய்யா." மூன்று முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "பார்த்து நடம்மா."

கோவில்பட்டியில் 22 வருடமாக டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தத் தரை வழுக்கும், எது வழுக்காது என்பது கையால் தடவினாலே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

பழைய வீட்டுப் பின்கட்டில் சொரசொரப்பான சிமெண்ட் தரையும் ஒரு துவைகல்லும் இருந்தன. அந்த ஈரத்தில் அம்மா 40 வருடம் புழங்கினாள், ஒருநாளும் விழவில்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது, பாத்ரூமுக்கு நான் எடுத்துப்போனது இரண்டுக்கு இரண்டடி பளபளப்பு டைல்ஸ். கொத்தனார் அப்போதே சொன்னார்: "அண்ணாச்சி, பாத்ரூமுக்கு இது வேண்டாம். ஒரு அடி மேட் டைல்ஸ் போடுவோம். ஜாயின்ட் கூட வந்தா காலுக்குப் பிடி கிடைக்கும், தண்ணி வாட்டமும் சரியா வரும்." அவர் சொன்னது முழுக்கச் சரி. பெரிய கல்லில் ஓட்டையை நோக்கி நாலு பக்கமும் வாட்டம் கொடுப்பது கஷ்டம். எங்காவது ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும். ஆனால் எனக்கு வேறு கணக்கு. கடைக்கு வருகிறவர்களை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டுவேன். என் வீடே கண்காட்சி மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அம்மா பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி கேட்டாள். புது டைல்ஸில் டிரில் போட மனசு வரவில்லை. "அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

இதற்கெல்லாம் ஒரு வருடம் முன்பே ஒரு எச்சரிக்கை வந்துவிட்டது. அப்போது அம்மாவுக்கு 68 வயது. பழைய வீட்டு வாசல்படியில் இடறி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். இன்று மணிக்கட்டு, விட்டுவிட்டால் நாளை இடுப்பு. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தச் சட்டை சலவைக்குப் போனது.

அந்த மணிக்கட்டு முறிவுக்கு கோலீஸ் முறிவு என்று பெயர். 1814இல் அதை விவரித்து எழுதிய ஆபிரகாம் கோலீஸ் என்ற அயர்லாந்து மருத்துவரின் பெயர் அது. எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895இல்தான். படம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் தொட்டும் பார்த்தும் ஒருவரால் கண்டுகொள்ள முடிந்திருக்கிறது. என் கையில் படம் இருந்தது, எடுத்துச் சொல்ல டாக்டர் இருந்தார். நான் "கை கூடிடுச்சுல்ல" என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அம்மாவின் கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு கண்ணிலும் புரை, எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். தை பிறந்தால் கிரகப்பிரவேசம் வரிசையாக வரும். அதற்கு முந்தின மாதங்களில் என்னால் கடையை விட்டு அசைய முடியாது. "சீசன் முடியட்டும்மா." ஒரு சீசன் முடிந்தது, இன்னொரு சீசன் வந்தது.

அன்றைக்கு நான் கடை அடைத்து வந்து ராத்திரி பத்து மணிக்குக் குளித்தேன். தரையை வழித்துவிடவில்லை. வாட்டம் சரியில்லாத அந்த மூலையில் சோப்புத் தண்ணீர் நின்றது. விடிகாலை நாலரைக்கு அம்மா எழுந்திருக்கிறாள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கிறுகிறுவென்று வரும் என்று அதையும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். பேரப்பிள்ளைகள் முழித்துக்கொள்ளும் என்று லைட் போடவில்லை.

சத்தம் கேட்டு ஓடினேன். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாக, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கவேண்டும். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன். அம்மா போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதுகூட என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பார்த்து நடக்கக் கூடாதாம்மா?"

பிறகு உறவுக்காரர்கள் சொன்னார்கள் என்று எண்ணெய்க் கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வீணாக்கினேன். இந்த முறிவுக்குக் கூடியமட்டும் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பார்கள். படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் சளி கட்டும், புண் வரும், ரத்தம் உறையும். முறிவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார் என்பதை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும்போதுதான் கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு மூட்டின் பாதியை மாற்றி வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

டெக்ஸா அதற்கப்புறம் எடுத்தோம். அதில் வரும் எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப் புரை நோய். அம்மாவுக்கு மைனஸ் 3.4. வைட்டமின் டி-யும் குறைவு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கரிசல் மண்ணில், அம்மா வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நான் யோசித்துப் பார்த்தேன். பாலெல்லாம் பிள்ளைகளுக்கு, அவளுக்குக் கடுங்காப்பி. 100 கிராம் கேப்பையில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அவள் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த கேப்பைக் கூழைப் புது வீட்டில் நிறுத்தியதும் நாங்கள்தான். அடி பிடித்த பாத்திரம் கழுவக் கஷ்டமாக இருந்தது.

இப்போது பாத்ரூம் தரையைப் பெயர்த்துவிட்டேன். ஒரு அடி மேட் டைல்ஸ், சரியான வாட்டம், கழிப்பறைப் பக்கம் ஒன்றும் குளிக்கிற இடத்தில் ஒன்றுமாக இரண்டு கைப்பிடி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு. எல்லாம் சேர்த்து இரண்டே நாள் வேலை. வருடத்துக்கு ஒருமுறை எலும்புக்கான மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறோம். வாக்கர் பிடித்து நடக்கிறாள். பிசியோ சொன்னபடி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகுகிறாள். பத்துத் தடவை சொன்னால் ஏழுக்கு மேல் முடியவில்லை. முன்பு செண்பகவல்லி அம்மன் கோயில் பிரகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றியவள்.

கடையில் பாத்ரூம் டைல்ஸ் கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் வயதானவர்கள் உண்டா என்று முதலில் கேட்கிறேன். கேட்டலாக்கில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருப்பது என்ன, எண் கூடக்கூட எப்படிப் பிடிப்பு கூடும் என்று காட்டுகிறேன். தரையில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி நின்று பார்க்கச் சொல்கிறேன். 22 வருடமாக இதைக் கேட்காமல், காட்டாமல் விற்ற தரைகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றனவோ என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது இதையெல்லாம்விடச் சின்ன ஒன்றை. பார்க்க வருகிறவர்கள் "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார்கள். அம்மா சொல்வாள்: "நான்தான் பார்த்து நடக்கல. அவன் அத்தனை தடவ சொன்னான்." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருதடவைகூட மறுத்துச் சொன்னதில்லை. தரையைப் பெயர்த்தபோதும், எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் இரண்டாவது கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. அம்மா இப்போது பத்திரிகையை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். இதையும் வாசிப்பாள்.