தறியின் ஓசை

சேலத்தில் எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. விடியற்காலையில் அதன் ஓசை கேட்டால் அன்று அடுப்பில் உலை ஏறும். கேளாவிடின், முந்திய இரவு சிற்றப்பா குடித்துவிட்டு வந்தார் என்று அறிந்துகொள்வோம். பத்து வயதில் நான் கற்ற பாடம் இது.

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது எங்கள் மாவட்டத்தில்தான். அது 1937ஆம் ஆண்டு. பாட்டியார் அதனைப் பெருமையோடு கூறுவார். 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது. சாராயக் கடைகள் திறந்தன. 1974இல் மீண்டும் தடை வந்தது. ஆயினும் கள்ளச்சாராயம் விற்குமிடம் சிற்றப்பாவின் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கொடியவர் அல்லர். பாவில் இழை அறுந்தால் பாராமலே விரல்நுனியால் பிணைக்க வல்லவர். அவ்விரல்களே பின்னர் நடுங்கின.

நூல் கொடுத்த முதலாளி சேலை கேட்டு ஆள் அனுப்பும்போதெல்லாம், "சிற்றப்பாவுக்குக் காய்ச்சல்" என்று வாயிலில் நின்று சொல்வது என் வேலை. அதைப் பொய்யென்று நான் கருதவில்லை. குடும்ப மானத்தைக் காப்பதாகவே கருதினேன். சிற்றன்னை தம் தோட்டை விற்றுக் கடனை அடைத்தார். கடன் தீர்ந்ததும் சிற்றப்பா கவலையின்றிக் குடித்தார். நாங்கள் மறைக்க மறைக்க அவருக்கு வழி எளிதாயிற்று. இதனை அன்று எங்களுள் எவரும் உணரவில்லை.

ஒருநாள் அவர் தம் மகளின் தலைமீது கை வைத்து, "இனித் தொடேன்" என்றார். மறுநாள் உடல் நடுங்கிற்று. மூன்றாம் நாள் சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாக அலறினார். பேய் பிடித்ததென்று பாட்டியார் அஞ்சினார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம்.

"இவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் வினவினார்.

"இல்லை ஐயா, காய்ச்சல்" என்றார் சிற்றன்னை.

என் நெஞ்சு படபடத்தது. "மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் குடிக்கிறார், ஐயா" என்றேன். சிற்றன்னை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

மருத்துவர் சினக்கவில்லை. "நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இவ்வாறு நேரும், உயிரும் போகலாம். இது நோய், அம்மா. மறைத்தால் மருந்து கொடுப்பது எப்படி?" என்றார்.

சிற்றப்பா பிழைத்தார். அதன்பின்னும் இருமுறை தவறினார். முதன்முறை தவறியபோது முதலாளியின் ஆள் வந்து கதவைத் தட்டினான். நான் எழுந்தேன். சிற்றன்னை என்னை அமரச் செய்துவிட்டுத் தாமே வாயிலுக்குச் சென்றார்.